தோளறிந்து தரும் துப்பாக்கி

கொச்சியைக் கண்ட தமிழர் பலர். கொச்சங்காடியைக் கண்டவர் சிலரே. மட்டாஞ்சேரிக்கு வருவோர் அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்ப்பர். யூதர் தெருவில் உலவுவர். ஒரு பொட்டலம் மிளகும் வாங்கிக்கொண்டு படகேறி விடுவர். இன்னுஞ் சிறிது தூரம் நடக்க மனங்கொண்டவருக்கே கொச்சங்காடி தென்படும். 'கொச்சு' என்பது மலையாளத்திற் சிறியதைக் குறிக்கும். 'அங்காடி' நமக்கும் உரிய சொல். சிற்றங்காடி என்று நாம் பொருள் கொள்கிறோம்.

பெயர் சிறிதாயினும் ஊர் பழையது. 1344ஆம் ஆண்டில் இங்கே யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று எழுந்தது. அக்கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும், 1568இல் கட்டப்பெற்ற பரதேசி யூதர் கோயிலின் மதிலிற் பதிந்து நிற்கிறது. செம்புத் தகடு வேய்ந்தமையாற் பெயர் பெற்ற செம்பிட்ட பள்ளி இப்பகுதியினதே. சந்துக்குச் சந்து சுக்கு, மிளகு, ஏலம் ஆகியவற்றின் மணம் வீசும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ் ஆகிய மொழிகளை ஒரு தேநீர்க் கடை வாசலிலேயே கேட்கலாம். எறணாகுளத்தில் ரெயில்வே குமாஸ்தாவாக உத்தியோகம் பார்க்கும் நாம் இவ்வூரிற் குடியேறிப் பதினோராண்டுகள் ஆகின்றன.

இத்தகைய வணிகர் பேட்டையில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். அப்பேச்சு நம் வீட்டிற்குள் நுழைந்த கதையையும், அதனால் நாம் கற்றுக்கொண்ட பாடத்தையும் கூறவே இதனை எழுதத் துணிந்தோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற் பிள்ளைகள் என்.சி.சி.யிற் சேர்ந்திருக்கிறார்கள். நார்வேயிலும் கனடாவிலும் குடியேறிய உறவினரின் பிள்ளைகளோ, அந்நாட்டு வழக்கப்படி வேட்டைக்கே போகத் தொடங்கியிருக்கிறார்கள். ஆதலின் இது நம் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

நம் மைத்துனர் இடுக்கி மலையில், வண்டன்மேட்டுப் பக்கம், சிறியதோர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். அதன் ஓரமாக மரவள்ளியும் பயிரிடுகிறார். காட்டுப்பன்றி வந்தால் ஓரிரவிற் கிழங்கெல்லாம் போய்விடும். வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் நம் நாட்டில் விலக்கப்பட்டது. எனினும் பயிருக்குக் கேடு விளைக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை, 2022ஆம் ஆண்டு மே மாதத்திற் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்போரைத் தேர்ந்து அப்பணிக்கு அழைப்பார்கள். நம் மைத்துனரும் அவர்களுள் ஒருவர். அவரிடம் இருப்பது பன்னிரண்டு போர்த் துப்பாக்கி. அவர் தந்தையார் காலத்தது.

சென்ற கோடை விடுமுறையில் நம் மகன் மாமன் வீட்டிற்குப் போனான். அவனுக்குப் பதின்மூன்று வயது. வயதுக்கு மெலிந்த உடம்பு. "மருமகனே, ஆண்பிள்ளை என்றால் ஒரு வெடியாவது போட்டுப் பார்க்க வேண்டாமா?" என்று சொல்லி, தோட்டத்து மூலையில் ஒரு தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அப்பெரிய துப்பாக்கியை அவன் கையிற் கொடுத்துவிட்டார் மாமன். ஒரே வெடிதான். தகரம் அசையவில்லை, பிள்ளை மல்லாந்து விழுந்தான். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தானாம்.

வீடு திரும்பிய பின் அவன் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போதுதான், வலத்தோளில் உள்ளங்கை அகலத்திற்குக் கன்றிக் கறுத்திருந்ததை நம் இல்லாள் கண்டாள். "இந்தத் தோளைப் பாருங்கள்! என் அண்ணனாயிருந்தாலும் கேட்காமல் விடுவேனா?" என்று கொதித்தாள். நாமோ, "பையன் என்றால் நாலு அடி படத்தான் செய்வான்" என்று கூறி அடக்கிவிட்டோம். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி உரிமம் இல்லை என்பதும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவர் தக்க மேற்பார்வையில் முறையான பயிற்சி மட்டுமே பெறலாம் என்பதும் சட்டம். மைத்துனர் செய்தது அன்பினாலேயாயினும் பிழையே. அதனை மூடி மறைத்தது நம் பிழை.

பள்ளி திறந்தது. என்.சி.சி.யில் இருபத்திரண்டு போர் ரைபிள் கொண்டு சுடும் பயிற்சி வந்தது. படுத்துக்கொண்டு இருபத்தைந்து மீட்டர்த் தொலைவிற் குறிபார்க்க வேண்டும். நம் மகன் சுட்ட ஐந்து தோட்டாக்களில் ஒன்றுகூட அட்டையைத் தொடவில்லை. விசையை இழுக்குமுன்பே கண்ணை இறுக மூடித் தோளைச் சுருக்கிக்கொள்கிறான் என்று பயிற்றுநர் சொல்லியனுப்பினார். அன்றிரவு நாம் அவனைக் கோழை என்று வைதுவிட்டோம். அவன் பதில் பேசவில்லை. காக்கி உடையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்து, "இனிமேல் நான் போகவில்லை அப்பா" என்று மட்டும் சொன்னான். ஒரு பிள்ளை ஒன்றை விடுவது பெரிதன்று. தன்னைத் தானே கோழையென்று நம்பிக்கொண்டு விடுவானாயின் அது பெரிது. அதனை நாம் அன்று உணரவில்லை.

நம் தெருவில், பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் வசிக்கிறார். அண்ணாச்சி என்றே தெருவார் அழைப்பார்கள். அவரிடம் மனக்குறையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, பையன் கோழையில்லை. வாங்கின அடியை அவன் தோள் மறக்கவில்லை. பட்டாளத்தில் ஆறடி ஆளுக்கும் இது வரும். உண்மைத் தோட்டாவுக்கு நடுவே, சுடுகிறவனுக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டாவை வைத்துக் கொடுப்போம். வெற்றுத் தோட்டாவில் வெடியே இல்லை. ஆனாலும் ஆள் துள்ளுவான். அப்போதுதான் தன் குறை அவனுக்கே புரியும். புரிந்தபின் மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும். வைதால் மாறாது" என்றார்.

மறுநாள் மாலை அண்ணாச்சி நம்மையும் பையனையும் மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கட்டியிருந்த ஒரு சிறு வள்ளத்தில் பையனை ஏறச் சொல்லி, அதிலிருந்து படிக்குத் தாவச் சொன்னார். அவன் தாவிய வேகத்தில் வள்ளம் விர்ரென்று பின்னுக்கு ஓடிற்று. அப்புறம் பக்கத்தில் நின்ற பெரிய சரக்குப் படகிலிருந்து தாவச் சொன்னார்; அது அசைந்ததாகவே தெரியவில்லை. "தாவினவன்தான் குண்டு, படகுதான் துப்பாக்கி. குண்டு முன்னே போனால் துப்பாக்கி பின்னே வந்தே தீரும். குண்டு கனமாக இருந்தால், வேகமாகப் போனால், உதை மிகும். துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும். இவ்வளவுதான் சாஸ்திரம்" என்று முடித்தார்.

அவர் சொன்னதை வீட்டிற்கு வந்து தாளிற் கணக்கிட்டுப் பார்த்தோம். நாம் மெட்ரிகுலேஷன் வரையே படித்தவரெனினும் இக்கணக்கு அதற்குள் அடங்கியதே. இருபத்திரண்டு போர் ரைபிளின் குண்டு 2.6 கிராம்; வினாடிக்கு 330 மீட்டர் அளவிற் செல்லும். நெடுங்காலம் நம் பட்டாளத்திலும் போலீசிலும் வழங்கிய .303 ரைபிளின் குண்டு 11 கிராமுக்கு மேல். வேகம் 740 மீட்டருக்குக் குறையாது. மைத்துனரின் பன்னிரண்டு போர்த் தோட்டாவோ 30 கிராமுக்கு மேற்பட்ட ஈயத்தை ஒரே தடவையில் வீசும். தோளில் ஏறும் உதைப்பின் ஆற்றலைக் கணக்கிட்டால், இருபத்திரண்டு போருக்கு ஒரு பங்கு என வைத்தால், பன்னிரண்டு போருக்கு நூறு பங்குக்கு மேலாகிறது. நூறு மடங்கு அடியை முதலில் வாங்கிய தோள், ஒரு மடங்கு அடிக்கும் அஞ்சியதில் வியப்பென்ன!

அன்றிரவே பிள்ளையை அருகிலழைத்து, "கோழை என்றது தவறு, பொறுத்துக்கொள்" என்றோம். தகப்பன் வாயிலிருந்து இச்சொல் வருவது எளிதன்று. அவன் ஒன்றும் சொல்லாமல் கணக்கெழுதிய தாளை வாங்கிப் பார்த்து, ஓரிடத்தில் நாம் பெருக்கியது பிழையென்று திருத்திக் கொடுத்தான். அப்போதே பாதி நோய் தீர்ந்தது என்று கொண்டோம்.

எஞ்சிய பாதிக்காகத்தான் திருவனந்தபுரம் சென்றோம். 2015ஆம் ஆண்டில் 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் கேரளத்தில் நடந்தபோது, வட்டியூர்க்காவில் துப்பாக்கி சுடும் அரங்கம் ஒன்று அமைந்தது. அங்கே பழகும் பிள்ளைகளைக் காண அண்ணாச்சி தம் பழைய நண்பர் ஒருவர் வாயிலாக அனுமதி பெற்றுத் தந்தார். கொச்சங்காடியில் கோழி கூவுமுன் எழுந்து, ஆட்டோவில் தோப்பும்படி கடந்து எறணாகுளம் சேர்ந்து, வஞ்சிநாடு எக்ஸ்பிரசில் அமர்ந்தோம். கோட்டயம் வரையில் இருள். அதன்பின் இருமருங்கும் ரப்பர்த் தோட்டமும் ஆறுகளுமாகக் கண்ணுக்கு விருந்து. பிள்ளை சாளரத்தோரம் பேசாமலே வந்தான்.

அரங்கத்தில் நாம் எதிர்பார்த்த வெடியொலி இல்லை. பத்து மீட்டர்க் கூடத்தில், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவரும் சிறுமியரும் வரிசையாக நின்று காற்றுத் துப்பாக்கியாற் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 'டப்' என்ற சிற்றொலியே கேட்டது. குழலின் உட்குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், ரவை அரைக் கிராம் அளவினது. அடைத்து வைத்த காற்றின் விசையாற் போவதால் தோளில் உதைப்பென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆயினும் விளையாட்டு எளிதன்று. பத்து எண் பெறும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். நம் இல்லாள் மாவு சலிக்கையில் விழும் ரவையினும் சிறிது!

பயிற்சியாளர் பொறுமையுள்ளவர். நம் மகனின் கதையைக் கேட்டு, அவனுக்கு இலக்கே இல்லாத வெறுஞ்சுவரைக் காட்டினார். "புள்ளியைப் பார்க்காதே. விசை எப்போது நழுவுகிறது என்பதை மட்டும் கவனி. கண் திறந்திருக்கட்டும்" என்றார். அவர் பக்கத்திலேயே நிற்க, முதல் நான்கைந்து தடவையும் அவன் கண் மூடிற்று. பத்தாவது தடவையில் ஒரு கண் பாதி திறந்திருந்தது. அரைமணி கழிந்தபின் அவன் திரும்பி, "அப்பா, ரவை போவது தெரிகிறது" என்றான். ரவை போவது எவர் கண்ணுக்கும் தெரியாது. கண் திறந்திருக்கிறது என்பதையே அவன் அவ்வாறு கூறினான் என அறிந்து, பயிற்சியாளரும் நாமும் மறுத்துரைக்கவில்லை.

அவரிடமும் அண்ணாச்சியிடமும் கேட்டறிந்தவற்றைப் பெற்றோர் பயன் கருதி ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

முதலாவது, துப்பாக்கியைத் தேர்வதற்கு முன் தோட்டாவைத் தேர்க. தொடக்கம் காற்றுத் துப்பாக்கி. அடுத்தது இருபத்திரண்டு போர். அவற்றில் ஆயிரக்கணக்கான முறை அச்சமின்றிச் சுட்டவனே பெரியதைத் தொடத் தக்கவன்.

இரண்டாவது, பிள்ளைக்கென்று இலேசான துப்பாக்கியை நாடுவோர் ஏமாறுவர். அதே தோட்டாவை இட்டால், 4 கிலோ எடையிலிருந்து 3 கிலோவாகக் குறைந்த துப்பாக்கி மூன்றிலொரு பங்கு மிகுதியான ஆற்றலுடன் உதைக்கும். சிறு வள்ளத்தை நினைவிற் கொள்க. தாங்கிப் பிடிக்கக் கூடிய எடையில் இயன்ற அளவு கனமானதே நன்று. கை தளர்ந்தால் மணல் மூட்டைமேற் சாய்த்துப் பழகலாம்.

மூன்றாவது, கட்டையின் நீளம். முழங்கை மடிப்பில் துப்பாக்கியின் அடிக்கட்டையை வைத்தால் சுட்டுவிரல் விசையை இயல்பாக எட்டவேண்டும். நீளமானால் பிள்ளை பின்னுக்குச் சாய்வான். அடிக்கட்டை தோட்குழியில் அமையாமல் கைச்சதையில் அமரும். உதை அங்கேதான் ஊறு செய்யும். நம் மகன் விழுந்ததும் இவ்வாறே. வளரும் பிள்ளைக்குக் கட்டையை நீட்டிக் குறைக்கும் அமைப்புடையது ஏற்றது. ரப்பர் மெத்தை அடியிலிருந்தால் இன்னும் நலம்.

நான்காவது, காதடைப்பும் கண்ணாடியும். பாதி அச்சம் தோளிலிருந்து வருவதன்று, ஒலியிலிருந்து வருவது.

அயல்நாட்டில் வாழும் நம்மவர்க்கு ஒரு சொல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பன்னிரண்டு வயதில் வேட்டைப் பயிற்சிக்குச் சேரலாம். நார்வேயிற் சிறுவிலங்கு வேட்டையைப் பதினான்கு வயதிற் பெரியவருடன் சென்று பழகலாம். கனடாவில் மான் வேட்டைக்கு இளைஞர் கையில் 1955இல் வெளிவந்த .243 வின்செஸ்டர் போன்ற ரைபிளைத் தருவது பெருவழக்கு; 1906 முதல் வழங்கும் .30-06 ரைபிளை நோக்க அதன் உதைப்பு ஏறக்குறைய பாதியே. ஆனால் உதை குறைவு என்பதற்காகச் சிறு தோட்டாவாற் பெருவிலங்கைச் சுடுதல் கொடுமை. அடிபட்ட விலங்கு புதரிற் கிடந்து நெடுநேரம் துடிக்கும். எவ்விலங்கிற்கு எத்தோட்டா என்று அந்நாட்டுச் சட்டம் வரையறுத்திருப்பது இதனாலேயே. அதனைத் தாங்கும் தோள் வரும்வரை பிள்ளை காத்திருக்கட்டும்.

நம் நாட்டிலோ பிள்ளைகளுக்கு உரிய வேட்டை தாளிலிட்ட புள்ளியை வேட்டையாடுதலே. அதனை இழிவாகக் கருதற்க. கடலூரில் 1999இற் பிறந்து, குஜராத்திற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்றுத் துப்பாக்கி கொண்டே 2019இல் ரியோ நகரில் உலகக் கோப்பைப் பொற்பதக்கம் பெற்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் நாட்டின் சார்பில் நின்றார். நம்மைப் போன்று பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பத்தின் பெண் என்பதை நம் இல்லாள் மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நமக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2024இல் பாரிசில் ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற சுவப்னில் குசாலே, அப்போது மத்திய ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். அவர் ஏந்தியதும் நம் பிள்ளை அஞ்சிய அதே இருபத்திரண்டு போர்த் தோட்டாவே.

திரும்பும் ரெயிலில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டான்: "காற்றுத் துப்பாக்கியால் பறவையைச் சுடலாமா அப்பா?" கூடாது, சட்டம் விடாது என்றதோடு ஒரு வரலாற்றையும் சொன்னோம். பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு ஐயுற்று, அஃது என்ன பறவையென்று அறிய அந்நகரின் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றான். அச்சிறுவனே பின்னர்ப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி ஆனார். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை அவர் ஆராய்ந்தார். நம் எறணாகுளம் மாவட்டத்துத் தட்டேக்காடு அவர் பரிந்துரையால் 1983இற் பறவைகளின் புகலிடமாயிற்று. "அப்படியானால் அந்தக் குருவி செத்தது நல்லதா?" என்றான் பிள்ளை. நமக்கு விடை வரவில்லை. கோட்டயம் தாண்டிய பிறகு அவனே, "ஒரு குருவி போதும்" என்றான்.

ஓணத்திற்கு மைத்துனர் ஏலக்காய்ப் பையுடன் கொச்சங்காடிக்கு வந்தார். தங்கை கடிந்ததைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பின்னர், "மருமகனே, மாமன் மேல் கோபமா?" என்றார். "இல்லை மாமா. உங்கள் துப்பாக்கி எனக்கு நீளம்" என்றான் நம் மகன். அவர் அவன் முழங்கையை மடக்கிப் பார்த்து, "ஆமாம், நீளந்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

இப்பொழுது மாலைதோறும் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு காட்சி. எதிர்ச்சுவரிற் சுண்ணாம்பாற் புள்ளியிட்டு, பையன் ஒரு மரக்கம்பைத் தோளிற் சார்த்திக் குறிபார்த்து நிற்கிறான். கம்பின் நுனியில் ஒரு ரூபாய் நாணயம். அது விழாமல் எத்தனை எண்ணும் வரையில் நிற்கிறது என்று அவன் தங்கை எண்ணுகிறாள். மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி தெருவிற் கடகடவென்று போகும்போதும் அவன் இமைப்பதில்லை. நேற்று நூற்றுப் பதினான்கு வரை எண்ணினாள். காக்கி உடை பெட்டியிலிருந்து வெளிவந்துவிட்டது. இஸ்திரி போடும் வேலை மட்டும் நம்முடையது.